முப்பது நொடியில் நம் கவனத்தைக் கவரும் விளம்பரங்கள்

தோட்டப்புறங்களில் இன்று தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குச் சென்று, வெட்டுக்காட்டில் தம் நிரையை முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் பாட்டாளிகளுக்கு மாலை நேரத்தில் துணையாக இருப்பது அதுவே. செய்தி, நாடகம், திரைப்படம் ஆகியவற்றின் இடையிடையே விளம்பரங்களும் வருகின்றன. "விளம்பரந்தானே" என்று நாம் அவற்றைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால், மறுநாள் கடையில் சவர்க்காரம் கேட்கும்போது நம் வாயில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரத்தில் கேட்ட பெயராகவே இருக்கிறது. நாம் கவனிக்கவில்லை என்று நினைத்த நேரத்திலும் அந்தப் பெயர் நம் மனத்தில் இடம்பிடித்துவிட்டது.

இது தற்செயலாக நிகழ்வதன்று. முப்பது நொடி விளம்பரம் ஒன்றை உருவாக்க எழுத்தாளர், ஓவியர், இசையமைப்பாளர், ஒளிப்பதிவாளர் எனப் பலர் பல வாரங்கள் உழைக்கின்றனர். நம் கண் எங்கே செல்லும், காது எதற்குத் திரும்பும், மனம் எதற்கு இளகும் என்பதையெல்லாம் அவர்கள் ஆராய்ந்து அறிந்துள்ளனர். அவர்கள் கையாளும் வழிகளை நாமும் அறிந்துகொண்டால், உழைத்துப் பெற்ற ஊதியத்தை எதற்குச் செலவிடுவது என்பதை நாமே முடிவு செய்ய இயலும். அவ்வழிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலையம் விற்கும் சரக்கு

நம் நாட்டில் தொலைக்காட்சிச் சேவை 1963 ஆம் ஆண்டு டிசம்பர் 28 ஆம் நாள் தொடங்கப்பெற்றது. சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1978 ஆம் ஆண்டு அதே நாளில், வண்ண ஒளிபரப்பு அறிமுகமாயிற்று. 1984 இல் முதல் தனியார் நிலையமான டிவி 3 தோன்றியது. 1996 இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள ஒளிபரப்பு வந்தது. 2019 அக்டோபர் இறுதியில் பழைய முறை ஒளிபரப்பு நாடு முழுவதும் நிறுத்தப்பெற்று, இலக்கமுறை ஒளிபரப்பு அதன் இடத்தைப் பெற்றது. தோட்ட மண்டபத்தில் ஒரே பெட்டியின் முன் ஊரே கூடியிருந்த காலம் போய், இன்று அவரவர் கைப்பேசியிலேயே படம் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

இத்தனை நிகழ்ச்சிகளையும் உருவாக்கி ஒளிபரப்புவதற்குப் பெரும் பொருள் வேண்டும். அதில் கணிசமான பகுதியை, தனியார் நிலையங்களாயின் மிகப் பெரும் பகுதியை, விளம்பரதாரர்களே தருகின்றனர். அவர்கள் விலை கொடுத்து வாங்குவது நிலையத்தின் நேரத்தை என்று தோன்றும். பார்ப்போர் இல்லாத நேரத்தை எவரும் வாங்கமாட்டார். ஆகவே, உண்மையில் விலைபோவது நம்முடைய கவனமே ஆகும். பாலை எடைபோடுவதோடு நில்லாமல் அதில் ரப்பர் எவ்வளவு உள்ளது என்றும் கணக்கிட்டு விலை தருவதைப்போல, விளம்பரதாரரும் எத்தனை பேர் பார்க்கின்றனர் என்பதோடு, அவர்கள் யார், எந்த வயதினர், எதை வாங்கக்கூடியவர்கள் என்பதையும் கணக்கிட்டே பணம் தருகின்றனர். அப்பணமும் இறுதியில் நாம் வாங்கும் பொருளின் விலையில் அடங்கியே நம்மிடம் வந்து சேர்கிறது.

உலகின் முதல் அதிகாரபூர்வமான தொலைக்காட்சி விளம்பரம் 1941 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நியூயார்க் நகரில் காட்டப்பட்டது. அது ஒரு கைக்கடிகார விளம்பரம். அதற்கான செலவு 9 டாலரே. பந்து விளையாட்டு ஒன்று தொடங்குவதற்கு முன், மக்கள் ஆவலோடு காத்திருந்த வேளையில் அது ஒளிபரப்பப்பட்டது என்பது கவனத்திற்குரியது. 1955 செப்டம்பர் 22 ஆம் நாள் பிரிட்டனில் முதல் விளம்பரம் வந்தபோது, பற்பசைக் குழாய் ஒன்றைப் பனிக்கட்டியினுள் உறையவைத்துக் காட்டினார்கள். பற்பசை பனிக்கட்டிக்குள் இருப்பது எங்கும் காணாத காட்சி. "இது என்ன?" என்று பார்ப்பவர் ஒரு கணம் நின்று நோக்க வேண்டும், அதுவே அவர்கள் நோக்கம்.

கண்ணை இழுக்கும் மாற்றம்

"இது என்ன?" என்னும் அந்தக் கேள்வி நம் உடலோடு பிறந்தது. திடீரென ஓர் ஒலி கேட்டாலோ, ஓரக்கண்ணில் ஏதேனும் அசைந்தாலோ நம் தலை தானாகவே அப்பக்கம் திரும்புகிறது. இருளில் நெற்றி விளக்கோடு மரம் சீவும்போது புதரில் சிறு சலசலப்பு எழுந்தால் கை நின்றுவிடுவதை நாம் அறிவோம். பாம்பா, பன்றியா என்று அறியும்வரை வேறொன்றிலும் மனம் செல்லாது. ரஷ்ய அறிஞர் பாவ்லவ் இந்த இயல்பை நூறாண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்து விளக்கினார். உயிரைக் காப்பதற்காக இயற்கை நமக்குத் தந்த காவல் இது.

விளம்பரம் இந்தக் காவலையே பயன்படுத்திக்கொள்கிறது. நாடகத்தில் ஒரே காட்சி பல நொடிகள் நீடிக்கும். விளம்பரத்திலோ ஓரிரு நொடிக்கொரு முறை காட்சி மாறும். அருகில் முகம், தொலைவில் கடல், மீண்டும் அருகில் குவளை என்று படம் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலும் புதரில் எழுந்த சலசலப்பைப் போன்றதே. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நாம் எண்ணுவதற்கு முன்பே கண் திரும்பிவிடுகிறது. நிறமும் அவ்வாறே உதவுகிறது. மங்கலான காட்சிகளின் நடுவே பொட்டலம் மட்டும் பளிச்சென்ற சிவப்பாகவோ மஞ்சளாகவோ தோன்றும். விளம்பரத்தில் ஒருவர் தம் கண்ணைப் பொருளின்பக்கம் திருப்பினால் நம் கண்ணும் அவர் பார்த்த இடத்திற்கே செல்லும்.

கைப்பேசியில் இம்முயற்சி இன்னும் விரைவாக நடைபெறுகிறது. பல விளம்பரங்களை ஐந்து நொடி கழித்துத் தள்ளிவிட்டுச் செல்ல நமக்கு வழி உண்டு. ஆகவே, வியப்பு, சிரிப்பு, அச்சம் ஆகிய எதையும் அந்த ஐந்து நொடிக்குள்ளேயே காட்டிவிட முயல்கின்றனர். பொருளின் பெயரும் அதற்குள்ளாகவே தோன்றிவிடுகிறது.

காதைப் பிடிக்கும் ஒலி

நாடகம் முடிந்து விளம்பரம் தொடங்கியதும் ஒலி கூடிவிட்டதாக உணர்ந்து, ஒலியைக் குறைக்க எழுந்தவர் நம்மில் பலர். இந்த உணர்வு பொய்யன்று. ஒரு நிகழ்ச்சியின் ஒலி இவ்வளவுக்கு மேல் உயரக்கூடாது என்ற உச்ச வரம்பு உண்டு. நாடகத்தில் மெல்லிய பேச்சும் உரத்த ஓசையும் கலந்து வரும். உச்சத்தை எப்போதாவதுதான் எட்டும். விளம்பரத்திலோ மெல்லிய ஒலிகளையும் உயர்த்தி, தொடக்கம் முதல் இறுதிவரை உச்சத்தை ஒட்டியே வைக்கின்றனர். வரம்பை மீறாமலேயே அது உரக்க ஒலிக்கிறது. இதைப் பற்றி எழுந்த முறையீடுகளின் விளைவாக, நிகழ்ச்சியின் ஒலி அளவிற்கு விளம்பரத்தின் ஒலி அளவும் ஒத்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டு சட்டமே இயற்றப்பட்டது.

ஒலியின் நோக்கம் வேறொன்றும் உண்டு. விளம்பர நேரத்தில் நாம் சமையலறைக்குச் செல்வோம். மறுநாளைக்கு வேண்டிய துணிகளை எடுத்து வைப்போம். கண் பெட்டியில் இல்லாவிட்டாலும் காது திறந்தே இருக்கும் என்பதை விளம்பரக்காரர் அறிவர். அதனால்தான் பொருளின் பெயரைச் சிறு பாட்டாக்குகின்றனர். பாட்டு குறுகியதாக, எதுகை மோனையோடு, குழந்தையும் பாடக்கூடிய மெட்டில் அமையும். வெறும் சொல்லாகக் கேட்டதை விரைவில் மறப்போம். மெட்டோடு கேட்டதை நெடுநாள் மறவோம். மரம் சீவும்போது நம் வாய் தானாக முணுமுணுக்கும் வரியைச் சற்று ஆராய்ந்து பார்த்தால், அது பலமுறை ஒரு கடைச்சரக்கின் பெயராக இருப்பதைக் காணலாம்.

ஒரே விளம்பரம் ஓரிரவில் பலமுறை வருவதன் காரணமும் இங்கேயே உள்ளது. அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் சயான்ஸ் 1968 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பொருள் தெரியாத சொற்களையும், சீன மொழி அறியாதவர்களுக்குச் சீன எழுத்துகளைப் போன்ற உருவங்களையும் அவர் காட்டினார். சிலவற்றைப் பலமுறையும் சிலவற்றை ஓரிரு முறையும் காட்டிவிட்டு, எவற்றுக்கு நல்ல பொருள் இருக்கும் என்று கேட்டார். அடிக்கடி கண்டவற்றுக்கே நல்ல பொருள் இருக்கும் என்று அவர்கள் கூறினர். அறிமுகமானதை நல்லதென எண்ணுவது மனித இயல்பு. கடையில் பத்துச் சவர்க்காரங்கள் அடுக்கியிருக்கும்போது, நூறுமுறை கேட்ட பெயர் பழகிய முகமாகத் தோன்றுகிறது. அதன் தரத்தைப் பற்றி நாம் எதுவும் அறியாதபோதும் கை அதனிடம் செல்கிறது.

கதையும் காத்திருப்பும்

விளம்பர இடைவேளை எந்த இடத்தில் வருகிறது என்பதையும் கவனித்தல் வேண்டும். கதாநாயகி கதவைத் திறக்கிறாள். வெளியே நிற்பவர் யார் என்பது தெரியுமுன் இடைவேளை வந்துவிடும். பாதியில் நின்ற செயல் மனத்தை விட்டு அகலுவதில்லை. முடித்த வேலைகளைவிட முடிக்காத வேலைகள் நினைவில் நன்கு தங்குகின்றன என்று புளூமா சைகார்னிக் என்னும் பெண் அறிஞர் 1927 இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இதே முடிவைக் காட்டவில்லை எனினும், தொடர்நாடகம் பார்ப்பவர் எவரும் அந்தத் தவிப்பை அறிவர். கதவுக்கு வெளியே நிற்பவரைக் காணக் காத்திருக்கும் அந்த மூன்று நிமிடங்களில் ஆறு விளம்பரங்கள் நம்மைக் கடந்து செல்கின்றன. இடைவேளையின் தொடக்கத்திலும் இறுதியிலும் வருபவை நடுவில் வருபவற்றைவிட நினைவில் நன்கு நிற்கும் என்பதால் அவ்விடங்களுக்குப் போட்டி மிகுதி.

விளம்பரமே ஒரு கதையாக அமைவதும் உண்டு. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, சுதந்திர தினம் ஆகிய காலங்களில் பெட்ரோனாஸ் நிறுவனத்திற்காகக் காலஞ்சென்ற இயக்குநர் யாஸ்மின் அகமது உருவாக்கிய படங்களைப் பலர் இன்றும் நினைவுகூர்வர். 2007 இல் வந்த ஒன்றில் ஒரு சீனச் சிறுவன், தன் பள்ளித் தோழியான மலாய்ச் சிறுமியின்மீது தனக்குள்ள அன்பை வெட்கத்தோடு கூறுகிறான். அதில் எண்ணெயைப் பற்றிய பேச்சே இல்லை. இறுதியில் நிறுவனத்தின் பெயர் மட்டும் தோன்றும். நம் மனம் நெகிழ்ந்திருக்கும் வேளையில் தோன்றும் பெயர், அந்த நெகிழ்ச்சியோடு ஒட்டிக்கொள்கிறது. இத்தகைய படங்கள் இன ஒற்றுமையை வளர்த்தன என்பதை மறுப்பதற்கில்லை. அதே வேளையில், கண்ணீர் வரவழைத்த படம் ஒரு நிறுவனத்தின் விளம்பரமாகவும் இருந்தது என்பதை அறிந்தே அதைச் சுவைக்கலாம்.

தெரிந்த முகமும் வெள்ளை அங்கியும்

நடிகர், விளையாட்டு வீரர், பாடகர் ஆகியோர் விளம்பரங்களில் தோன்றுவது நாம் அறிந்ததே. கூட்டத்தில் பல முகங்களுக்கிடையே தெரிந்த முகம் தனித்துத் தெரியும். அதைக் கண்டதும் கண் நின்றுவிடும். அந்த நடிகர் உண்மையில் அந்த எண்ணெயைத்தான் தம் தலையில் தேய்க்கிறாரா என்று நாம் கேட்பதில்லை. அவருக்குக் கிடைப்பது அவர் முகத்திற்கான கூலி. வெள்ளை அங்கி அணிந்து, கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே நிற்பவரும் பெரும்பாலும் நடிகரே. அங்கியைக் கண்டதும் மருத்துவமனையில் மருத்துவருக்குத் தரும் மதிப்பை அவருக்கும் தந்துவிடுகிறோம்.

கண்ணால் கண்டதையும் முழுதும் நம்புவதற்கில்லை. அமெரிக்காவில் ஒரு முகச்சவரக் களிம்பின் விளம்பரத்தில், களிம்பைப் பூசியதும் உப்புத்தாளின் மணலைக்கூட ஒரே இழுப்பில் சவரக்கத்தி வழித்துவிடுவதாகக் காட்டினார்கள். அங்கே இருந்தது உப்புத்தாளே அன்று. கண்ணாடி போன்ற பலகையின்மேல் தூவிய மணல். உண்மையான உப்புத்தாளை அவ்வாறு வழிக்க ஒரு மணி நேரத்திற்கு மேல் ஊறவைக்க வேண்டியிருந்தது. இவ்வழக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. இவ்வாறு காட்டுவது மக்களை ஏமாற்றுவதாகும் என்று 1965 இல் தீர்ப்பாயிற்று.

நாம் அறியாமலேயே மனத்தில் கட்டளையிடும் மறைமுகப் படங்கள் உண்டு என்ற பேச்சும் பரவலாக உள்ளது. 1957 இல் ஜேம்ஸ் விக்காரி என்னும் அமெரிக்கர், திரையரங்கில் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் சொற்களைக் காட்டித் தின்பண்ட விற்பனையைப் பெருக்கியதாக அறிவித்தார். 1962 இல் அது விளம்பரத்திற்காகச் செய்த தந்திரம் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது, கண்ணுக்கு முன்னே வெளிப்படையாக நடைபெறும் காரியங்களைப் பற்றியே.

ஒரு விளம்பரத்தைப் பிரித்துப் பார்ப்போம்

இதுவரை கூறியவற்றை ஒன்றுசேர்த்துக் காண, சலவைத்தூள் விளம்பரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் நீளம் முப்பது நொடி.

முதல் மூன்று நொடிகளில் பள்ளிச் சட்டை அணிந்த சிறுவன் "தொப்" என்னும் ஓசையோடு சேற்றில் விழுகிறான். ஓசையும் அசைவும் நம் தலையைத் திருப்பிவிடுகின்றன. எட்டாம் நொடி வரையில் தாயின் கவலை நிறைந்த முகமும், அவளை ஏளனமாக நோக்கும் அண்டை வீட்டாரின் முகமும் மாறி மாறி வருகின்றன. சட்டையில் படிந்த சேறு இப்போது தாயின் மானப் பிரச்சினையாக மாறிவிட்டது. பதினான்காம் நொடிக்குள் பொட்டலம் ஒளியோடு தோன்றுகிறது. நீரில் தூள் சுழல்கிறது. இருபதாம் நொடி வரையில் திரை இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் "சாதாரணத் தூள்", மறுபக்கம் புதிய தூள் என்று ஒப்பிட்டுக் காட்டப்படுகிறது. பின்னர்ப் பாட்டு ஒலிக்க, வெண்மையான சட்டையோடு சிறுவன் ஓடிவருகிறான், தாய் சிரிக்கிறாள், அண்டை வீட்டாரும் வியக்கின்றனர். இறுதி நான்கு நொடிகளில் பொட்டலமும் பெயரும் மட்டுமே திரையில் நிற்கின்றன.

இதில் கூறப்படாதவை எவை? அந்தச் "சாதாரணத் தூள்" எது என்று கூறப்படவில்லை. ஒரு கிலோவின் விலை என்னவென்று கூறப்படவில்லை. சேறு காய்ந்து மறுநாளானால் அதே வெண்மை வருமா என்றும் கூறப்படவில்லை. "இருமடங்கு வெண்மை" என்றால் எதைவிட இருமடங்கு என்பதற்கும் விடையில்லை. நம் கவனம் தாயின் மானத்தில் இருந்ததால் இக்கேள்விகள் எழவே இடமில்லாமல் போயிற்று. கவனத்தைப் பிடித்து வைப்பதன் பயன் இதுவே ஆகும். ஒன்றைப் பார்க்கவைக்கும்போது மற்றொன்றைப் பாராமல் இருக்கவும் செய்துவிடலாம்.

குழந்தைகளும் தாய்மாரும்

பெரியவர்களே ஈர்க்கப்படும்போது சிறுவர் நிலையைக் கூற வேண்டுவதில்லை. ஏழெட்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளால், ஒரு விளம்பரம் தங்களை வாங்கத் தூண்டுவதற்காகவே எடுக்கப்பட்டது என்பதை நன்கு உணர இயலுவதில்லை என ஆய்வாளர் கண்டுள்ளனர். இன்னும் சிறிய குழந்தைகள் நிகழ்ச்சியையும் விளம்பரத்தையும் ஒன்றாகவே எண்ணுகின்றனர். கனடா நாட்டின் கியூபெக் மாநிலம் 13 வயதிற்குட்பட்டோரைக் குறிவைக்கும் விளம்பரங்களை 1980 இலும், சுவீடன் நாடு 12 வயதிற்குட்பட்டோரைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரங்களை 1991 இலும் தடைசெய்தன. நம் நாட்டிலும் 2007 இல் சிறுவர் நிகழ்ச்சிகளின்போது வரும் துரித உணவு விளம்பரங்களைக் கட்டுப்படுத்த நடவடிக்கை எடுக்கப்பட்டது.

விளம்பரம் உயிருக்கே உலை வைக்கக்கூடும் என்பதற்கு நம் அண்டையிலேயே சான்று உண்டு. தொலைக்காட்சி வருவதற்கு முன்னரே, இனிப்பூட்டிய டின்பால் குழந்தைகளுக்கு ஏற்றது என்ற விளம்பரம் இவ்வட்டாரத்தில் பரவியிருந்தது. சிங்கப்பூரில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவர், அதை நம்பித் தாய்ப்பாலை நிறுத்தியதால் குழந்தைகள் நலிந்து மடிவதைக் கண்டு, 1939 இல் அங்குள்ள ரோட்டரி சங்கக் கூட்டத்தில் கடுமையாகக் கண்டித்தார். 1979 இல் மலேசியச் சுகாதார அமைச்சு குழந்தைப் பால்மாவு விற்பனைக்கான ஒழுக்க நெறியை வகுத்தது. 1981 இல் உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலக நெறி ஒன்றை ஏற்றுக்கொண்டது. இன்று டின்பாலின் மேலுறையில், அது குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்று எழுதியிருப்பதைக் காணலாம். கொழுகொழுவென்ற குழந்தையின் படத்தைவிட அந்தச் சிறிய எழுத்துகளே தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை.

சட்டம் தரும் பாதுகாப்பு

மக்களைக் காக்க நம் நாட்டில் பல சட்டங்கள் உள்ளன. 1956 ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின்படி, நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இருதய நோய் முதலிய இருபது நோய்களைக் குணப்படுத்தும் என்று மருந்துகளைப் பொதுமக்களிடையே விளம்பரம் செய்யக்கூடாது. மற்ற மருந்து விளம்பரங்களும் மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அனுமதி பெற்றவற்றில் "கே.கே.எல்.ஐ.யு." என்ற எழுத்துகளோடு ஓர் எண் காணப்படும். "மூன்றே நாளில் நீரிழிவு ஓடிவிடும்" என்று எவரேனும் கூறினால், அவ்விளம்பரம் சட்டத்திற்குப் புறம்பானது என்பதைக் கேட்டவுடனேயே அறிந்துகொள்ளலாம்.

சிகரெட் விளம்பரங்கள் 1980களில் வானொலி, தொலைக்காட்சியிலிருந்து விலக்கப்பட்டன. அதன்பின் அதே பெயர்களைத் தாங்கிய பயணச் சேவை, ஆடை, இசை நிகழ்ச்சி ஆகியவற்றின் விளம்பரங்கள் வரலாயின. சிகரெட் திரையில் இல்லை. பெயரும் நிறமும் மட்டும் இருந்தன. பெயரை மனத்தில் பதிப்பதே போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பின்னர் வந்த விதிகள் இவ்வழியையும் அடைத்தன.

1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொய்யான உறுதிமொழிகளையும், "தூண்டில் விளம்பரம்" எனப்படும் முறையையும் தடைசெய்கிறது. குறைந்த விலையைக் காட்டிக் கடைக்கு வரவழைத்து, "அது தீர்ந்துவிட்டது, இதை வாங்குங்கள்" என்று விலை கூடிய பொருளைத் தலையில் கட்டுவதே தூண்டில் விளம்பரம். ஏமாற்றப்பட்டோர் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையில் இழப்பீடு கோரலாம். மனுவுக்கான கட்டணம் 5 வெள்ளியே. வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். இரசீதையும் விளம்பரத்தாளையும் பத்திரப்படுத்தி வைப்பது பெரிதும் உதவும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, விளம்பரத்தில் கூறிய விலையை நம் உழைப்பால் அளந்து பார்த்தல் நன்று. 2025 இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்வோருக்கு இது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசாகும். "மாதம் 65 வெள்ளி மட்டுமே" என்று ஒரு பொருள் விளம்பரப்படுத்தப்படுவதாகக் கொள்வோம். அந்த "மட்டுமே" என்பது ஏறக்குறைய ஒரு முழுநாள் உழைப்பு. 24 மாதத் தவணை என்றால் மொத்தம் 1,560 வெள்ளி. ரொக்க விலை 1,200 வெள்ளியானால், கூடுதலாகத் தரும் 360 வெள்ளி ஐந்தரை நாள் உழைப்புக்குச் சமம். அடைமழையில் மரம் சீவ முடியாமல் வேலைநாள் குறையும் மாதத்திலும் தவணை குறையாது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவதாக, கடைக்குச் செல்லுமுன் தேவையானவற்றை எழுதிச் செல்லல் வேண்டும். "சவர்க்காரம்" என்று எழுதினால் போதும். பெயரை எழுத வேண்டுவதில்லை. கடையில் எடையையும் விலையையும் ஒப்பிடலாம். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பதில்லை. 800 கிராம் 9 வெள்ளி 60 காசு என்றால் நூறு கிராம் 1 வெள்ளி 20 காசு. 500 கிராம் 5 வெள்ளி 50 காசு என்றால் நூறு கிராம் 1 வெள்ளி 10 காசுதான்.

மூன்றாவதாக, விலை உயர்ந்த பொருளை விளம்பரம் கண்ட அன்றே வாங்காமல் ஒரு வாரம் பொறுத்திருத்தல் நன்று. "இன்றே கடைசி" என்ற அவசரம் பெரும்பாலும் விற்பவரின் அவசரமே. ஒரு வாரம் கழித்தும் தேவை என்று தோன்றினால் குடும்பத்தாரோடு கலந்து முடிவு செய்யலாம்.

நான்காவதாக, பிள்ளைகளோடு அமர்ந்து விளம்பரத்தைப் பற்றிப் பேசுதல் வேண்டும். "இது எதை விற்கிறது? எதைச் சொல்லாமல் விட்டது?" என்று கேட்டால் அவர்கள் அதை ஒரு விளையாட்டாகவே கற்றுக்கொள்வர். ஒலியை அடக்கிவிட்டு ஒரு விளம்பரத்தைப் பார்க்கச் சொல்வதும் நல்ல பயிற்சி. 1955 இல் அமெரிக்காவில் கம்பியில்லாத் தொலையியக்கிக் கருவி விற்பனைக்கு வந்தபோது, சலிப்பூட்டும் விளம்பரங்களை வாயடைக்கச் செய்யலாம் என்பதையே அதன் சிறப்புகளுள் ஒன்றாகக் கூறினார்கள். அந்தக் கருவி இன்று நம் கையில் உள்ளது.

விளம்பரம் முற்றிலும் தீயதென்று கூறுவதற்கில்லை. புதிய பொருள்களை அறியவும், விலைகளை ஒப்பிடவும், தடுப்பூசி, டெங்கி ஒழிப்பு, சாலைப் பாதுகாப்பு போன்ற பொதுநலச் செய்திகளைப் பெறவும் அது பயன்படுகிறது. அவற்றிலும் இதே ஓசையும் பாட்டும் கதையுமே கையாளப்படுகின்றன. கருவி ஒன்றே, அது கூறும் செய்தி நமக்குப் பயன் தருமா என்பதை ஆய்ந்து பார்ப்பதே நம் பொறுப்பு. அடுத்த முறை நாடகம் நின்று விளம்பரம் தொடங்கும்போது, முதல் மூன்று நொடிகளில் நம்மைத் திரும்பிப் பார்க்கவைத்தது எது என்று குடும்பத்தோடு கண்டறிந்து பாருங்கள். அவ்வழக்கம் ஏற்பட்டுவிட்டால், சம்பள நாளன்று கையில் வாங்கும் பணம் உண்மையான தேவைக்கே செலவாகும். எஞ்சியது பிள்ளைகளின் கல்விக்கும் எதிர்காலத்திற்கும் சேமிப்பாகும்.